வளைந்த பிளைவுட்: திருப்பிக் கொடுப்பதா, நிமிர்த்துவதா?

ஈசூன்வாசி:
புத்தக அலமாரிக்கு 18 மி.மீ. பிளைவுட் வாங்கினேன். முழுப் பலகை எங்கள் புளோக் மின்தூக்கியில் நுழையாது என்பதால் கடையிலேயே அறுத்துக் கொடுத்தார்கள். சில நாளில் இரண்டு பக்கப் பலகைகளும் ஒரு தட்டும் வில்லாக வளைந்துவிட்டன. “அறுத்ததைத் திரும்ப வாங்குவதில்லை” என்கிறார் கடைக்காரர்.

உளிமுனை:
விடாதீர்கள். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே சிங்கப்பூரில் ‘லெமன் சட்டம்’ நடப்பில் இருக்கிறது; குறையுள்ள பொருளை விற்றால் வாங்கியவருக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் அது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, பொருளைக் கொடுத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு.

பழைய தச்சர்:
சட்டம் இருக்கட்டும், பலகையை எங்கே வைத்திருந்தீர்கள்? சுவரில் சாய்த்துத்தானே? நம் ஊரில் விடியற்காலையில் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். குளிர்சாதனம் ஓடும் அறையிலோ காற்று காய்ந்து கிடக்கும். சாய்த்த பலகையின் ஒரு முகம்தான் அந்தக் காற்றைப் பார்க்கிறது. காய்ந்த முகம் சுருங்கும், பலகை அந்தப் பக்கமாகக் குழியும். இதற்குக் கடைக்காரர் என்ன செய்வார் பாவம்? மரச் சட்டங்களின் மேல் படுக்க வைத்து, இரு முகத்துக்கும் காற்று விட்டு, மேலே பாரம் ஏற்றுங்கள்.

உளிமுனை:
பிளைவுட்டில் மரத்தைத் தாள் தாளாகக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதே, ஒன்று இழுத்தால் இன்னொன்று பிடித்து நிறுத்தத்தான். நல்ல 18 மி.மீ. பிர்ச் மரப் பலகையில் 13 அடுக்கு இருக்கும். ஈசூன்வாசி, அறுத்த விளிம்பில் எண்ணிச் சொல்லுங்கள்.

ஈசூன்வாசி:
ஒன்பது. நடுத் தாள் மற்றவற்றைவிட இருமடங்கு தடிமன். ஓரிடத்தில் உள்ளே வெற்றிடம். ஈசிலிங்க் பயண அட்டையை விட்டேன், பாதி போய்விட்டது.

உளிமுனை:
படம் எடுத்து அனுப்புங்கள். அது வெயிலும் குளிரும் செய்த வேலையா?

பழைய தச்சர்:
ஓட்டை உள்ள இடத்தில் திருகு பிடிக்காது, அது கடையின் குறைதான். ஆனால் ஓட்டை வேறு, வளைவு வேறு. வளைந்த தட்டைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன். பக்கப் பலகையில் 6 மி.மீ. ஆழத்துக்குக் காடி (நீளப் பள்ளம்) எடுத்து, புடைத்த முகம் மேலே வரும்படி செருகுங்கள். புத்தகப் பாரமே பாதி நிமிர்த்திவிடும். கதவுக்கு மட்டும் வேண்டாம். மூலை விரலளவு துருத்திக்கொண்டே நிற்கும், எந்தக் கீலாலும் சரிசெய்ய முடியாது.

பொங்கோல் புதியவர்:
லாமினேட் ஒட்டினால் நேராகிவிடாதா?

பழைய தச்சர்:
ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் நேரான பலகையே வளைந்துவிடும். இரு முகத்திலும் ஒட்ட வேண்டும்.

உளிமுனை:
இதில் மட்டும் தச்சர் ஐயாவோடு எனக்குச் சண்டை இல்லை.

ஈசூன்வாசி:
தட்டுக்குக் காடி எடுக்கப் போகிறேன். பக்கப் பலகைகளுக்கு மாற்று கேட்டேன். படத்தைப் பார்த்த கடைக்காரர், “நேரில் கொண்டுவாருங்கள்” என்கிறார். ஆறடிப் பலகையை பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா?

உளிமுனை:
குறையுள்ள பொருளை மாற்றித் தரும் செலவும் சட்டப்படி விற்றவருடையதுதான். வண்டியை அவரையே அனுப்பச் சொல்லுங்கள்.