ஸ்விஃப்ட் பெட்ரோல்: இன்ஜெக்டரை வீட்டிலேயே கழுவி ஓ-ரிங் மாத்தலாமா?

செகண்ட்கியர்:
2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 லிட்டர், 95,000 கி.மீ. காலையில முதல் ரெண்டு நிமிஷம் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காம ஓடும்போது) உதறல், சூடானதும் குறையுது, முழுசா போகல. ஸ்கேனரில் பி0302 கோடு. பிளக் நாலும் புதுசு. பெட்ரோலைப் பீய்ச்சற இன்ஜெக்டரைக் கழற்றிக் கழுவி, அதோட ரப்பர் வளையம் (ஓ-ரிங்) எல்லாம் மாத்தலாம்னு இருக்கேன். எதை எல்லாம் கவனிக்கணும்?

ஸ்பேனர்பத்து:
பி0302ன்னா இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியல. குற்றவாளி இன்ஜெக்டர்தான்னு அது சொல்லல. முதல்ல 2ஆம் இக்னிஷன் காயிலை 3க்கு மாத்துங்க, பத்து நிமிஷ வேலை. கோடு பி0303 ஆனா காயில்தான், இன்ஜெக்டரைத் தொடவே வேண்டாம்.

கோடு மாறலைன்னா எஞ்சின் ஆறினதும் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் (மின்தடை) பாருங்க. இந்த வகைக்கு 11 முதல் 16 ஓமுக்குள்ள வரும். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவா இருக்கணும். ஒண்ணு மட்டும் விலகியிருந்தா இன்ஜெக்டருக்குள்ள இருக்கற காயில் போயிருக்கு, கழுவி ஒரு பயனும் இல்ல.

கார்பன்கறுப்பு:
கழற்றும் முறை. பியூயல் பம்ப் பியூஸை எடுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க, தானா நிக்கும்வரை ஓடட்டும். அப்புறம் ரெண்டு மூணு செகண்ட் கிராங்க். லைனில் சுமார் 3 பார் அழுத்தம் இருக்கும், அதை இறக்காம கழற்றினா மூஞ்சியில பீய்ச்சும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க.

அடுத்ததைப் பலரும் விட்டுடுறாங்க: இன்ஜெக்டர் அடியைச் சுற்றி இருக்கற மண்ணைக் காத்தடிச்சு ஊதிடணும். இல்லன்னா வெளியே எடுத்த நிமிஷம் அந்த மண் நேரா இன்டேக் போர்ட்டில் (எஞ்சினுக்குள்ள காத்து போற வழி) விழும். ரெயிலோடு (நாலு இன்ஜெக்டருக்கும் பெட்ரோல் கொண்டுவர்ற குழாய்) சேர்த்து நாலையும் ஒண்ணா மேலே தூக்குங்க. இறுக்கமா இருந்தா லேசா முறுக்கி அசைங்க, பிளேயரால் பிடிச்சு இழுக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதுங்க, போர்ட்டில் துணியை அடைச்சு வைங்க.

கழுவுறதுக்கு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே போதும். ஸ்ப்ரே குழாயை இன்ஜெக்டர் மேல்முனையில் கசியாம பொருத்தி, இன்ஜெக்டர் காயிலுக்கு 9 வோல்ட் பேட்டரியில் ஒரு ஸ்விட்ச் வழியா அரை செகண்ட் கொடுத்து விடுங்க. அப்படிப் பத்துப் பதினஞ்சு தடவை. தொடர்ந்து பிடிச்சா காயில் சூடேறும். வெளிச்சமான கண்ணாடிக் குவளைக்குள்ள அடிச்சுப் பாருங்க: கூம்பா விரிஞ்சு பனி மாதிரி வரணும், ஒரு கோடாவோ சொட்டாவோ வந்தா இன்னும் அடைப்பு. நுனித் துளையில் ஊசி, கம்பி எதுவும் நுழைக்கக் கூடாது. துளை ஒரு இழை பெரிசானா ஸ்ப்ரே கெட்டது கெட்டதுதான்.

ஸ்விட்சில் பொறி வரும், ஸ்ப்ரே ஆவி எரியும். அதனால ஸ்விட்ச் ஒரு மீட்டர் ஒயர் நீளத்துக்குத் தள்ளி இருக்கட்டும், திறந்த வெளியில் செய்யுங்க.

செகண்ட்கியர்:
இக்னிஷன் காயில் மாத்திப் பார்த்தேன், கோடு பி0302லயே நிக்குது. ஓம் நாலுலயும் சரியா இருக்கு. ஓ-ரிங் எங்கே வாங்குறது? உள்ள இருக்கற வடிகட்டியை எடுக்கணுமா?

ஆயில்சீல்:
பழைய ரிங்கை அளந்து அதே அளவு வாங்காதீங்க. பல வருஷம் நசுங்கி ஒரு பக்கம் தட்டையா "D" வடிவம் ஆகியிருக்கும், அதை அளந்தா தடிமன் குறைவா காட்டும். இன்ஜெக்டரையே எடுத்துட்டு ஆயில் சீல் கடைக்குப் போங்க, சென்னைன்னா ஜி.பி. ரோடு. இல்ல, உங்க வண்டி நம்பருக்கான ஒரிஜினல் செட். பொருள் வைட்டான் ரப்பரா இருக்கணும், மலிவான நைட்ரைல் ரப்பர் இல்ல. இ20 பெட்ரோலில் எத்தனால் இருக்கு, சூடும் சேர்ந்தா மலிவு ரப்பர் சீக்கிரம் இறுகி விரிசல் விடும்.

சுசுகி இன்ஜெக்டரில் மேலே ஓ-ரிங் மட்டும் இல்லாம மெத்தை மாதிரி குஷன் ரப்பரும் இருக்கும். கழற்றும்போது போட்டோ எடுங்க, எது எங்கேன்னு குழம்பிடும். கீழ் ரப்பர் போர்ட்டிலேயே ஒட்டிட்டு நின்னா, அதை எடுக்காம புதுசை மேலே போட்டா ரெண்டு அடுக்காகி ரெயில் சரியா உக்காராது.

மாட்டும்போது சுத்தமான எஞ்சின் ஆயில் ஒரு துளி தடவுங்க. சிலிகான் கிரீஸ் வேண்டாம், ஆக்ஸிஜன் சென்சாருக்கு ஆகாது. ரிங் முறுக்கிக்காம நேரா இறங்கணும். மேல் ரிங் கசிஞ்சா பெட்ரோல் வெளியே, தீ அபாயம். கீழ் ரிங் கசிஞ்சா காத்து உள்ளே போகும், ஐடில் ஏறி இறங்கும், பி0171 கோடு (காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்ல) வரலாம்.

வடிகட்டி: அதே அளவுல புதுசு கையில இருந்தா மட்டும் எடுங்க. மரத்துல போடற சின்ன ஸ்க்ரூவை ரெண்டு சுத்து ஏத்தி இழுத்தா வரும், திரும்பப் போட முடியாது. வடிகட்டி இல்லாம மட்டும் மாட்டிடாதீங்க.

கார்பன்கறுப்பு:
மாட்டும்போது 2ஆம் இன்ஜெக்டரை 4ஆம் இடத்திலும், அங்க இருந்ததை 2லும் போடுங்க. அப்புறமும் மிஸ்ஸிங் இருந்து, கோடு பி0304 ஆனா அந்த இன்ஜெக்டரே கழிவு. பி0302லயே நின்னா கம்ப்ரஷன், வால்வ் பக்கம் பாருங்க.

பம்ப் பியூஸையும் பேட்டரி நெகட்டிவையும் திரும்ப மாட்டிட்டு, ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி சாவியை ஆன் போட்டு மூணு செகண்ட் வச்சு ஆஃப், இப்படி மூணு தடவை. டார்ச் அடிச்சு ஒவ்வொரு மேல் முனையிலும் டிஷ்யூ பேப்பர் ஒத்தி எடுங்க. ஈரம் தெரிஞ்சா ஸ்டார்ட் வேண்டாம், திரும்பக் கழற்றுங்க.

ஸ்பேனர்பத்து:
டீசல் காரோ, டைரக்ட் இன்ஜெக்ஷன் (சிலிண்டருக்குள்ளேயே நேரா பீய்ச்சற) பெட்ரோலோ வச்சிருக்கவங்க இந்த முறையைப் பண்ணாதீங்க. அதுல அழுத்தமே நூற்றுக்கணக்கான பார். பெட்ரோல்ல டெஃப்லான் சீலுக்குத் தனி கூம்புக் கருவி வேணும், டீசல்ல அடியில செப்பு வாஷர், பல வண்டிகள்ல புது இன்ஜெக்டர் கோடு ஈசியூவில் (எஞ்சின் கம்ப்யூட்டர்) ஏத்தணும்.