புதுப்பிப்பு: கோல்ஃப் டிரைவரில் ஸ்டீல் ஷாஃப்ட் மாட்டிய கதை

கோல்ஃபில் பந்தை அதிக தூரம் அடிக்கும் மட்டைதான் டிரைவர். இன்றைய டிரைவர் தலையில் ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு) பொருந்துமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பொருத்தியாகிவிட்டது. முதலில் எடுத்தது அயர்ன் எனும் உலோகத் தகடுத் தலை மட்டையின் ஷாஃப்ட். அதன் முனை 0.370 அங்குலம், டிரைவர் துளையோ 0.335. நுழையவே இல்லை. "துளையைப் பெரிசாக்கித் தரேன் சார்" என்றார் காட்பாடி லேத் பட்டறைக்காரர். சுவர் மெலிந்து உடைந்துவிடுமே, வேண்டாம் என்றேன். அப்புறம் 0.335 முனையோடு உட்டுக்கென்றே (டிரைவர் போன்ற பெருந்தலை மட்டைகளுக்கென்றே) செய்த பழைய ஸ்டீல் ஷாஃப்ட் ஒன்று கிடைத்தது.

எடைதான் சிக்கல். டிரைவரில் முன்பு இருந்த கிராஃபைட் (கார்பன் இழை) ஷாஃப்ட் 60 கிராம், இது 120ஐத் தொடுகிறது. 45 அங்குலத்தில் கை வலித்தது. பிடிப்பக்கம் வெட்டி 43 ஆக்கினேன். ஷாஃப்டைத் தலையோடு ஒட்டும் எபாக்சி பசை வேலூர் வெயிலில் சீக்கிரமே இறுகும். இருந்தாலும் ஒரு நாள் முழுக்க விட்டேன்.

வறண்ட பாலாற்று மணலில் அடித்துப் பார்த்தேன். தூரம் குறைவு, ஆனால் பந்து நேராகப் போகிறது. அடுத்து இந்த ஸ்டீல் ஷாஃப்டை ஃபேர்வே உட்டில் (டிரைவரைவிடச் சிறிய தலை மட்டையில்) மாட்டப்போகிறேன். டிரைவருக்குக் கிராஃபைட்டே சரி.