புதுப்பிப்பு: எம்ஜி டிடி-யின் கரும்புகை நின்றது

என்னுடைய 1952 எம்ஜி டிடி (பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) குன்னூரிலிருந்து உதகைக்கு ஏறும்போது கரும்புகை கக்கி இழுவை குறைகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து தரும் இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களையும் மாற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றத் தேவைப்படவில்லை. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், சமவெளிக்குப் பொருத்திய அமைப்பில் பெட்ரோல் மிகுந்துவிடுகிறது. பெட்ரோலைக் குறைக்க, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் குழாயான ஜெட்டின் அடியிலுள்ள நட்டைச் சிறிது சிறிதாக மேலே திருகி, ஒவ்வொரு முறையும் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை நூலளவு தூக்கிப் பார்த்தோம். இன்ஜின் வேகம் கூடிக்கொண்டே போனால் கலவை இன்னும் செறிவாக (பெட்ரோல் மிகுதியாக) இருக்கிறது, உடனே தடுமாறினால் மெலிந்துவிட்டது என்று பொருள். கரி படிந்திருந்த ஸ்பார்க் பிளக்குகளின் பீங்கான் முனை இப்போது இளம்பழுப்பாக இருக்கிறது. கலவை சரி என்று காட்டும் அந்த நிறத்தைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது.

கவலைக்குரியது மரச்சட்டம்தான். இவ்வண்டியின் உடற்தகடுகள் ஆஷ் மரச்சட்டத்தின்மேல் அறையப்பட்டவை. இடப்பக்கக் கதவுத்தூணின் அடிப்பகுதி மலையின் ஈரத்தில் நைந்து, விரலால் அழுத்தினாலே உதிர்ந்தது. ஆஷ் இங்கு கிடைக்காததால், குன்னூர்த் தச்சர் ஒருவர் பழைய துண்டை அச்சாக வைத்துத் தேக்கில் செதுக்கித் தந்தார். என் பார்வையில் இந்த ஊருக்கு அதுவே ஏற்றது.

நான்கு சக்கரங்களிலும் நீண்ட இறக்கத்தில் எளிதில் சூடேறும் டிரம் பிரேக்குகளே இருப்பதால், அவற்றில் உராயும் பட்டையான லைனிங்கைப் புதிதாக ஒட்டிய பிறகே பர்லியார் வழியாக மேட்டுப்பாளையம் இறங்குவேன், அதுவும் இரண்டாம் கியரில்.