பழைய கார்: கண்ணாடி கதவுக்குள்ள விழுந்துருச்சு

மண்டபத்தான்:
98 மாடல், கையால சுத்துற கண்ணாடி. நேத்து பாம்பன் பாலத்துல காத்து வாங்கலாம்னு டிரைவர் பக்கம் இறக்குனேன். திரும்ப ஏத்தையில 'டப்'புனு சத்தம். கைப்பிடி சும்மா சுத்துது, கண்ணாடி உள்ள போயிருச்சு. இப்ப அட்டைய வச்சு ஒட்டிருக்கேன். பட்டறையில கதவையே மாத்தணும்ங்கிறாங்க. நெசமா?

கீழக்கரை மெக்கானிக்:
கதவெல்லாம் வேணாம் தம்பி. கண்ணாடிய இழுக்குற கேபிள் அந்திருக்கும். கைப்பிடிக்குப் பின்னால ஒரு கிளிப் இருக்கு. பழைய பனியன் துணிய இடுக்குல விட்டு இப்படியும் அப்படியும் இழுங்க, தெறிச்சு வரும். எங்க விழுதுன்னு பாத்துக்கங்க, அதைத் தேடியே எனக்குப் பாதி நாள் போயிருக்கு. கைப்பிடி வந்ததும் கதவோட உள்பக்க மூடியக் கழட்டி, உள்ள இருக்க பாலிதீனைக் கிழிக்காம உரிங்க. கண்ணாடிய மேல தூக்கி டேப் போட்டு நிறுத்திட்டு, அதை ஏத்தி இறக்குற ரெகுலேட்டரைக் கழட்டுங்க.

மண்டபத்தான்:
கழட்டிட்டேன்ணே. கேபிள்தான், நார்நாரா பிரிஞ்சு கெடக்கு. கதவு அடியில ஒரு கை கடல்மணல்!

கீழக்கரை மெக்கானிக்:
அதான் வினை. அடியில தண்ணி வடியுற ஓட்டைய மணல் அடைச்சா ஈரம் உள்ளயே நிக்கும், உப்புக்காத்து மிச்சத்தைப் பாத்துக்கும். கம்பியால குத்திவிடுங்க. கண்ணாடி ஓடுற ரப்பருக்கு கிரீஸ் வேணாம், மணல் ஒட்டும். சிலிக்கான் ஸ்பிரே அடிங்க.

தொண்டிக்காரன்:
ரெகுலேட்டர் வலதா இடதான்னு பாத்து வாங்குங்க. நான் மாத்தி வாங்கிட்டு ராமநாதபுரத்துக்கு ரெண்டாவது தடவை பஸ் ஏறுனவன்.

மண்டபத்தான்:
மாட்டியாச்சு. பாதிக்கு மேல முக்குது.

கீழக்கரை மெக்கானிக்:
கண்ணாடி போல்ட்டை லூஸ் பண்ணி, முழுசா ஏத்தி, ரப்பர்ல உக்காந்தப்புறம் இறுக்குங்க.

மண்டபத்தான்:
ஏறிருச்சுண்ணே! கிளிப்பைத்தான் காணோம்.