இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மாவை யூத முதியோர் வளாகத்தின் ரீஹேப்பில் சேர்க்கலாமா?

எடிசன்காரன் (மார்ச் 2025, கடைசி வாரம்)

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறோம். அம்மாவுக்கு வயது 78. போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடது இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷனும் ஆகிவிட்டது. இப்போது ஆஸ்பத்திரி கேஸ் மேனேஜர் ரீஹேப் (ஆபரேஷனுக்குப் பிறகு உடலைத் தேற்றும் சிகிச்சை) இடங்களின் பட்டியலைக் கையில் கொடுத்து, நாளை மதியத்துக்குள் மூன்று பெயர் சொல்லுங்கள் என்கிறார்.

வீட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பது ஒரு யூத சமூகத்தார் நடத்தும் முதியோர் வளாகம். நட்சத்திர மதிப்பீடும் நன்றாக இருக்கிறது. ஆனால் அம்மா சுத்த சைவம், முட்டைகூடத் தொட மாட்டார். ஆங்கிலம் "ஓகே", "தேங்க்யூ" அளவுதான். தலைமாட்டில் திருச்செந்தூர் முருகன் படம் இல்லாமல் தூங்கமாட்டார். வேறு மதத்தவரை அங்கே சேர்ப்பார்களா? சனிக்கிழமை தெரபியே கிடையாது என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார், உண்மையா? அம்மாவுக்கு மெடிகேர் (முதியவர்களுக்கான அரசாங்க மருத்துவக் காப்பீடு) இருக்கிறது.

சென்னையில் இருக்கும் தங்கை வேறு, "அம்மாவை ஹோம்ல விடப்போறியா?" என்று தினமும் போனில் அழுகிறாள்.

நாகர்கோவில் ஃபிசியோ

அப்படி ஒரு வளாகத்தில்தான் நான் ஃபிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். உங்கள் ஊரில் இல்லை, பக்கத்து மாநிலத்தில். அதனால் நீங்கள் சொல்லும் இடத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ சொல்ல என்னால் முடியாது. இந்த வகை இடங்கள் எப்படி நடக்கின்றன என்று சொல்கிறேன்.

முதலில் தங்கைக்கு: இது ஹோமில் விடுவது இல்லை. இத்தகைய வளாகங்களில் தனித்தனி வீடுகள், உதவியோடு வாழும் பகுதி, மறதி நோய்க்கான பகுதி, நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்கான நர்சிங் ஹோம் எல்லாம் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கும். உங்கள் அம்மா போவது சில வாரம் இருந்துவிட்டு வீடு திரும்பும் ரீஹேப் தளத்துக்கு.

மதம் பார்த்துச் சேர்ப்பதில்லை. எங்கள் தளத்தில் இப்போது கத்தோலிக்கர், கொரியர், ஒரு குஜராத்தி தாத்தா எல்லோரும் இருக்கிறார்கள். இந்த இல்லங்கள் தொடங்கிய காலத்தில் கதையே வேறு. புலம்பெயர்ந்து வந்த ஏழை யூத முதியவர்கள் அரசாங்க ஏழை விடுதியில் கோஷர் (யூத மத விதிப்படியான) சாப்பாடும் இல்லாமல், தங்கள் பாஷை பேச ஆளும் இல்லாமல் கிடக்கக்கூடாதே என்று சமூகத்தார் காசு திரட்டிக் கட்டியவை. பாஸ்டனின் ஹீப்ரூ ரீஹேபிலிடேஷன் சென்டர் 1903-ல் ஆரம்பித்தது. நியூயார்க் ரிவர்டேலில் இருக்கும் ஹீப்ரூ ஹோம் 1917-ல் ஹார்லெமில் தொடங்கியது. உங்கள் அம்மாவின் நிலைமையும் கிட்டத்தட்ட அதேதான், சாப்பாடு, பாஷை, சாமி. அதனால் இந்தக் கவலைகளை அங்கே விளக்கிச் சொல்வது சுலபம். மற்ற இடங்களில் "வெஜிடேரியன்" என்றால் சாலட் என்று நினைப்பார்கள். இங்கே சாப்பாட்டுக்குச் சட்டம் உண்டு என்பதே யாருக்கும் புதிது இல்லை.

ஆனால் அந்தச் சட்டம் உங்கள் சட்டம் இல்லை. கோஷர் சமையலில் இறைச்சியும் பாலும் ஒரே வேளையில் சேராது. "பால் சாப்பாடு" என்றால் இறைச்சி இருக்காது, ஆனால் மீனும் முட்டையும் வரும். அவர்கள் கணக்கில் அவை இறைச்சி இல்லை. எனவே டயட்டீஷியனிடம் "மீன் வேண்டாம், முட்டை வேண்டாம்" என்று தனித்தனியாகச் சொல்லி எழுதி வாங்குங்கள். அப்புறம் தயிர். பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் அன்றைய வேளை இறைச்சி வேளை என்றால், உங்கள் அம்மா தட்டில் கோழி இல்லாவிட்டாலும் தயிர்க் கிண்ணம் அந்த மேசைக்கு வராது. மோர் சாதம் இல்லாமல் சாப்பாடு முடியாது என்பவராக இருந்தால், எந்த வேளை பால், எந்த வேளை இறைச்சி என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, இந்த 2025-ல் ஏப்ரல் 12 சாயங்காலம் பாஸோவர் என்ற யூதப் பண்டிகை தொடங்குகிறது. எட்டு நாள் வழக்கமான ரொட்டி கிடையாது. கிழக்கு ஐரோப்பிய வழக்கப்படி நடக்கும் சமையலறை என்றால் அரிசி, பருப்பு, சோளம் எதுவும் கிடையாது. உருளைக்கிழங்கு, காய்கறி, கினோவா, தயிர், சீஸ், பழம், கொட்டை வகை எல்லாம் உண்டு, பட்டினி இல்லை. மாட்ஸா என்ற, புளிக்க வைக்காத வறண்ட ரொட்டியை அம்மா ஆசையாகச் சாப்பிட்டால் அளவு பார்க்கச் சொல்லுங்கள். வலி மாத்திரையே மலச்சிக்கல் கொடுக்கும், அதோடு மாட்ஸாவும் சேர்ந்தால் நர்ஸ்களுக்குத்தான் வேலை. சித்திரை ஒன்றாம் தேதி அந்த வாரத்துக்குள்தான் வருகிறது. வடை, பாயசத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள்!

சனிக்கிழமை பற்றி. வெள்ளி அந்தியிலிருந்து சனி இருட்டும்வரை சபாத், அவர்களுடைய ஓய்வுநாள். மருந்து, நர்சிங், புண்ணுக்குக் கட்டு எதுவும் நிற்காது, உயிர் சம்பந்தப்பட்டதற்கு ஓய்வுநாள் விதி குறுக்கே வராது என்பது அவர்கள் சாஸ்திரமே. தெரபி இடத்துக்கு இடம் மாறும். எங்களிடம் ஞாயிறு முழு ஷிஃப்ட், சனி குறைவு. வாரத்துக்கு எத்தனை நாள் என்று கேளுங்கள். லிஃப்ட் ஒன்று எல்லாத் தளத்திலும் தானாக நின்று நின்று போகும். கெட்டுப்போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், சபாத் அன்று யாரும் பொத்தானைத் தொடாமல் போவதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

முருகன் படம் தாராளமாக வைக்கலாம். கதவு நிலையில் சின்னதாக ஒரு மெசூஸா (அவர்கள் வேத வரிகள் எழுதிய சுருள் உள்ள சிமிழ்) பதித்திருப்பார்கள், அது பாட்டுக்கு இருக்கும். விளக்கு மட்டும் ஏற்ற முடியாது. அவர்களே வெள்ளிக்கிழமை மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்குதான் வைக்கிறார்கள். பல அறைகளில் ஆக்சிஜன் ஓடுகிறது.

இதெல்லாம் இருக்கட்டும். நான் அழுத்திச் சொல்ல நினைப்பது வேறு. எல்லோரும் தெரபி எவ்வளவு நேரம் என்றுதான் கேட்கிறார்கள். என்னோடும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டோடும் (உடுப்பது, குளிப்பது போன்ற அன்றாட வேலைகளைப் பழக்குபவர்) அம்மா இருப்பது எல்லாம் சேர்த்து ஒன்று, ஒன்றரை மணி நேரம். மிச்ச நேரம் கட்டிலில் கிடந்தால் நான் காலையில் சேர்த்த பலம் சாயங்காலம் கரைந்துவிடும். இடுப்பு முறிந்தவரை மறுபடி நடக்க வைப்பது, பாத்ரூமுக்கு வீல்சேரில் தள்ளாமல் வாக்கர் பிடித்து நடத்திக் கூட்டிப்போக ஒரு நர்சிங் உதவியாளருக்கு நேரம் இருக்கிறதா என்பதுதான். ஆள் பற்றாத இடத்தில் அவர் பாவம், தள்ளிக்கொண்டுதான் போவார். அது வேகமாயிற்றே.

இந்த வளாகங்களில் எனக்குப் பிடித்தது, கட்டிலை விட்டு எழுந்திருக்க ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும். வெள்ளி சாயங்காலம் கீழே கூட்டு வழிபாடு, பின்னல் ரொட்டி, திராட்சை ரசம், பாட்டு. சுயமாக நடப்பேன் என்று என்னிடம் ஒருநாளும் ஒப்புக்கொள்ளாத ஒரு பாட்டி, அந்த வரிசையில் முன் இருக்கை போய்விடுமே என்று வாக்கரைத் தள்ளிக்கொண்டு நீளமான காரிடாரைக் கடந்தார். பின்னால் வீல்சேரோடு நான் ஓடினேன். உங்கள் அம்மாவுக்கு அந்த வழிபாடு வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து போவது, ஜன்னல் ஓரம் போய் உட்காருவது என்று ஏதாவது ஒன்றை அவருக்குக் காரணமாக்குங்கள்.

சந்தேகப் பிராணி

அக்கா சொல்வது சரி, ஆனால் பணம் பற்றி யாரும் பேசவில்லையே. எடிசன்காரரே, உங்கள் அம்மாவுக்கு அரசாங்கமே நேரடியாக நடத்தும் ஒரிஜினல் மெடிகேரா, தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் பிளானா? கார்டை எடுத்துப் பாருங்கள், எல்லாம் அதில்தான் இருக்கிறது.

ஒரிஜினல் என்றால் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். "அப்சர்வேஷன்" (சேர்க்காமல் கண்காணிப்பில் வைப்பது) என்று எழுதியிருந்தால் அது சேராது. ஆபரேஷன் ஆனவருக்குப் பெரும்பாலும் பிரச்சினை இல்லை, ஆனாலும் கேட்டு உறுதி செய்யுங்கள். முதல் 20 நாள் உங்களுக்குச் செலவு இல்லை. 21-லிருந்து 100-ஆம் நாள் வரை 2025-ல் நாளுக்கு 209.50 டாலர். துணைக் காப்பீடு இருந்தால் அது கட்டும். 100 நாள் எல்லோருக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம், அது உச்சவரம்பு. அட்வான்டேஜ் என்றால் கம்பெனி முன் அனுமதி தரவேண்டும், சில நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை.

என் அப்பா இருந்த இடத்தில் (யூத இடம் இல்லை, பெயர் வேண்டாம்) வரவேற்பறையில் பியானோ, மீன்தொட்டி எல்லாம் இருந்தது. ராத்திரி மணி அடித்தால் ஆள் வராது. அப்பா தானே எழுந்து விழுந்தார். அதற்கு அடுத்த வாரம் "முன்னேற்றம் போதவில்லை" என்று சொல்லி மெடிகேர் நிறுத்தப்படுகிறது என ஒரு தாளில் கையெழுத்து கேட்டார்கள்.

நாகர்கோவில் ஃபிசியோ

அந்தத் தாள் நிறுத்துவதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்னால் வரவேண்டும். வாங்கிக்கொண்டேன் என்பதற்குத்தான் கையெழுத்து, ஒப்புக்கொண்டேன் என்பதற்கு இல்லை. தாளிலேயே மேல்முறையீட்டு எண் இருக்கும். சேவை முடியும் நாளுக்கு முந்தின நாள் மதியத்துக்குள் கூப்பிட்டுவிட வேண்டும். "முன்னேற்றம் இல்லை" என்ற காரணம் மட்டும் போதாது. மெடிகேர் தொடர்பான ஜிம்மோ வழக்கில் 2013-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, இருக்கும் நிலை கெடாமல் காக்கப் பயிற்சி பெற்ற நர்ஸ் அல்லது தெரபிஸ்டின் பராமரிப்பு தேவை என்றாலும் மெடிகேர் கொடுக்க வேண்டும். இதை எங்கள் ஆட்களிலேயே பாதிப்பேர் மறந்துவிடுகிறார்கள்.

பியானோ விஷயத்தில் உங்கள் கட்சிதான் நான். நட்சத்திரத்தில் மொத்தத்தைப் பார்க்காமல் மெடிகேரின் கேர் கம்பேர் தளத்தில் ஊழியர் பகுதியைத் திறங்கள். சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுத்த கணக்கு அது. சனி, ஞாயிறு ஆள் எவ்வளவு, வருஷத்தில் எத்தனை நர்ஸ் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதும் 2022-லிருந்து அங்கே தனியாக இருக்கிறது. ஆய்வாளர்கள் எழுதிய கடைசி அறிக்கையை ஒவ்வொரு இல்லமும் பார்வையாளர் எடுத்துப் படிக்கிற மாதிரி வைத்திருக்க வேண்டும். கேட்டதும் முகம் மாறுகிறதா என்று பாருங்கள், அதுவே பாதி பதில்.

இன்னொரு கேள்வி: தெரபி தனியாகவா, கூட்டமாகவா? 2019 அக்டோபருக்கு முன்னால் தெரபி நிமிஷக் கணக்கில் மெடிகேரிடமிருந்து இல்லத்துக்குக் காசு வந்தது. இப்போது நோயாளியின் நிலையைப் பொறுத்து வருகிறது. நிமிஷத்தைக் குறைத்தால் இல்லத்துக்கு லாபம். கூட்டமாகச் செய்வது ஒருவரின் தெரபியில் கால் பங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

பாஸ்டன் மாமி

எங்காத்து மாமா பக்கவாதத்துக்கு அப்புறம் இப்படி ஒரு இடத்தில்தான் இருந்தார். நாகர்கோவில் பொண்ணு சொன்னதோடு ரெண்டு சேர்க்கிறேன். வெளிச் சாப்பாட்டைப் பொதுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள். மாமாவின் அறைக்குள் காகிதத் தட்டு, பிளாஸ்டிக் ஸ்பூனோடு அனுமதித்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி இல்லையாம், கேட்டுக்கோங்கோ. வீட்டுப் பாத்திரத்தை அவா சிங்கில் கழுவப்படாது.

பாஷைக்கு நான் பண்ணினது: "எழுந்திருங்கோ", "கை ஊனுங்கோ", "வலிக்கிறதா", "பாத்ரூமா" எல்லாத்தையும் ஆங்கில எழுத்தில் பெரிசா எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். ஹெய்ட்டிக்காரப் பொண்ணு ஒருத்தி உதவியாளர். ரெண்டே நாளில் "மெதுவா, மெதுவா" என்று என்னைவிட அழகாகச் சொன்னாள். மாமா அவள் சொன்னால் மட்டும் கேட்பார்.

நாகர்கோவில் ஃபிசியோ

மாமி, அந்தச் சீட்டு பிரமாதம். அதோடு மருத்துவ விஷயம் பேசும்போது போனில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், இலவசம். வலியின் அளவை மகன் ஊகித்துச் சொல்லக்கூடாது.

இந்த இல்லங்களிலிருந்து மற்றவர்கள் கற்க வேண்டியது ஒன்று உண்டு. எங்களிடம் ஹிட்லர் கால முகாம்களில் உயிர்பிழைத்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். ஷவர் சத்தம், சீருடை, வரிசையில் நிற்கச் சொல்வது, இதில் எதுவும் அவர்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விடும். அதனால் குளிப்பாட்டும்போது கதவைத் திறந்து வைத்து, தண்ணீரை முதலில் அவர்கள் கையில் விட்டு, அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிச் சொல்லிச் செய்வோம். தலையணைக்குள் ரொட்டி ஒளித்து வைத்திருந்தால் எடுத்து எறியமாட்டோம், புதுத் துண்டு வைத்துவிட்டுப் பழையதை எடுப்போம். 2019 நவம்பரிலிருந்து எல்லா நர்சிங் ஹோமுக்கும் இப்படிப் பழைய மனக்காயத்தை மனதில் வைத்துச் செய்யும் பராமரிப்பு கட்டாயம். இங்கே பழகிய கை உங்கள் அம்மாவுக்கும் அதே பொறுமையோடு வரும். பாத்ரூமில் விழுந்தவர் இல்லையா, பாத்ரூம் என்றாலே இப்போது பயப்படுவார்.

எடிசன்காரன்

எல்லோருக்கும் நன்றி. கார்டைப் பார்த்தேன், ஒரிஜினல்தான். டாக்டரிடம் கேட்டதில், பாதி மூட்டு மாற்றியிருக்கிறார்கள், பின்பக்கமாகத் திறந்து. முதல் தேர்வாக அந்த யூத வளாகத்தையே எழுதிக் கொடுக்கிறேன். இன்று சாயங்காலம் நேரில் போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். எந்த நேரம் நல்லது? அம்மாவுக்கு என்ன எடுத்துப் போகட்டும்? புடவைதான் கட்டுவார்.

நாகர்கோவில் ஃபிசியோ

இரவுச் சாப்பாடு முடிந்து எல்லோரையும் அறைக்குக் கொண்டுபோகும் நேரத்தில் போங்கள். எத்தனை அறைக்கு மேலே உதவி கேட்கும் மணியின் விளக்கு எரிகிறது, எவ்வளவு நேரம் எரிகிறது என்று காரிடாரில் நின்று பாருங்கள். அட்மிஷன் அம்மா சுற்றிக் காட்டுவதைவிட அது மேல்.

பின்பக்கம் திறந்திருந்தால் கொஞ்ச காலம் இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கக்கூடாது, கால்மேல் கால் போடக்கூடாது, பாதத்தை உள்பக்கம் திருப்பக்கூடாது. எவ்வளவு காலம் என்று சர்ஜன் சொல்வார். சம்மணம் போட்டுப் பூஜை இப்போதைக்கு இல்லை, படத்தை மேசை உயரத்தில் வையுங்கள். புடவை வேண்டாம், முந்தானை வாக்கர் சக்கரத்தில் மாட்டும். நைட்டியும் கணுக்காலுக்கு மேலே இருக்கட்டும். செருப்பு வேண்டவே வேண்டாம். பின்னால் பிடிப்பு உள்ள, வெல்க்ரோ வைத்த ஷூ, வழக்கத்தைவிட ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள், கால் வீங்கியிருக்கும்.