புதுப்பிப்பு: எங்கள் சொற்பட்டியல் கிட்டுக்கு மாறிவிட்டது

தேயிலைத் தோட்டத்துச் சொற்களைத் தொகுக்கும் எங்கள் கோப்பில் ஒருவர் எழுதியதை மற்றவர் அழித்துவிடுகிறோம், என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். கோப்பில் யார் எதை மாற்றினார்கள் என்று பதிந்து வைக்கும் கிட் (Git) என்ற மென்பொருளைப் பழகச் சொன்னீர்கள். பழகிவிட்டோம், நன்றி.

நேற்றுதான் கிட்டில் எங்களுக்கு முதல் மோதல் வந்தது, அதாவது இருவர் ஒரே வரியை வேறு வேறாக மாற்றிவிட்டோம். 'பெரட்டு' என்ற சொல்லுக்கு ஹட்டனில் நான் "காலையில் வேலை பிரிக்கும் இடம்" என்று எழுத, பண்டாரவளையில் அக்கா அதே வரியை "ஆள் கணக்கெடுப்பு" என்று மாற்றியிருந்தார். கிட் எதையும் அழிக்கவில்லை. நடுவே சமக்குறிகள் போட்டு இரண்டையும் காட்டியது. போனில் பேசி, இரண்டு பொருளையும் சேர்த்து, குறிகளை நீக்கி கமிட் செய்தோம், அதாவது மாற்றத்தைக் கிட்டில் பதிந்தோம். அவ்வளவு நிம்மதி!

அப்புறம், மழையில் இணையம் போனாலும் கமிட் நம் கணினியிலேயே பதிவாகிறது; லைன் வந்ததும் புஷ் செய்தால், அதாவது பொதுவான பிரதிக்கு அனுப்பினால் போதும். மலையில் இருக்கும் எங்களுக்கு இதுதான் பெரிய விஷயம். லினக்ஸ் இயங்குதளத்தைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் கிட்டை எழுதியதே பல நாடுகளில் சிதறியிருந்து லினக்ஸை உருவாக்கிய ஆட்களுக்காகத்தானே.

அடுத்து கிளை பிரித்து, அதாவது மூலப் பட்டியலைத் தொடாமல் தனியே மாற்றிப் பார்த்துப் பழகப் போகிறோம்.