மல்டி மிஷின்ல ரூட்டர் (மரத்துல பள்ளம், ஓர வேலைப்பாடு வெட்டுற கருவி) மாட்டியவங்க யாராச்சும் இருக்கீங்களா?

அண்ணன்மாருக்கு வணக்கம். யாங்கோன்ல சின்ன தச்சுப் பட்டறை வச்சிருக்கேன். அறுக்க, கடைய, துளை போட எல்லாத்துக்கும் ஒரே மோட்டார் மிஷின். தேக்குல சாமி மாடம் ஒண்ணு, ஓரத்துக்கு ரூட்டர் பிட்டைத் துளை போடுற சக்கிலேயே (துளை பிட்டைப் பிடிக்கிற பிடி) மாட்டினேன். பாதி பலகையில பிட்டு ஒரு நூல் (அரைக்கால் அங்குலம்) கீழ இறங்கி, பள்ளம் ஆழமாயிடுச்சு. பக்கவாட்டு அழுத்தத்தை சக்கு தாங்காதுன்னு அப்புறம்தான் உறைச்சது. பலகை போச்சு.

இப்ப காலெட் (பிட்டு காம்பைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற வளையம்) உள்ள ரூட்டர் சக்கு கிடைச்சிருக்கு. ஆனா மிஷின் வேகம் நிமிஷத்துக்கு 5,000 சுற்றுதான். கை ரூட்டர் 20,000-க்கு மேல ஓடும். வெட்டு அலை அலையா பிய்யுது. கார்பைடு பிட்டுதான், புதுசு.

புல்லி மாத்தி வேகம் கூட்டினா பேரிங் தாங்குமா? இல்ல, கை ரூட்டரையே மிஷின் மேசைக்கு அடியில தொங்கவிடலாமா? செஞ்சவங்க படம் போடுங்க. கரண்டு இருக்கிற நேரத்துக்குள்ள முடிக்கணும், அதான் அவசரம்.